அடுத்த வருஷத்துக்காரர்

எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுக் காய்கறிக் கடையில், முருங்கைக்காயை முறுக்கி முற்றலா பிஞ்சா என்று சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் அறிமுகமானார். 2006ஆம் வருஷம். நான் நியூ ஜெர்சிக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தமிழ் முகமென்று தெரிந்ததும் சிரித்துவைத்தேன். பெயர், ஊர், எந்தக் கம்பெனி, என்ன வாடகை, கல்யாணம் ஆயிற்றா என்று ஐந்து நிமிஷத்தில் என்னைக் கறந்து முடித்துவிட்டு, தன்னைப் பற்றி ஒரே வரிதான் சொன்னார்: "நமக்கு மன்னார்குடி. இங்க ரொம்ப நாள் இருக்கமாட்டேன் தம்பி, அடுத்த வருஷம் கிளம்பறேன்."

எனக்குத் துக்கமாகப் போய்விட்டது. தெரியாத தேசத்தில் ஒரே ஒரு அண்ணன் கிடைத்தார், அவரும் கிளம்புகிறாரே என்று. இருக்கிறவரை பயன்படுத்திக்கொள்வோம் என்று அந்த வாரமே இரண்டு தடவை அவர் வீட்டில் சாப்பிட்டேன்.

பத்தொன்பது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணன் இன்னமும் அடுத்த வருஷம்தான் கிளம்புகிறார்.

அமெரிக்காவில் தமிழ் காதில் விழும் ஊர் எதுவானாலும் இந்த ரகத்தில் ஒருவராவது இருப்பார். டாலஸில் இருப்பார், ஃப்ரீமாண்டில் இருப்பார். ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும் வரிசையில் சத்தமாக "போயிரணும்" என்று குரல் கேட்டால் திரும்பிப் பாருங்கள், அவர்தான். வளைகுடாவில் இந்த ரகம் முளைப்பதில்லை. அங்கே பெரும்பாலானவர்களுக்கு வேலை போனால் விசாவும் போயிற்று. திரும்பிப் போவது சட்டம். எப்போது ஊருக்கு என்று கேட்டால் முகம் வாடிவிடும். திரும்பிப் போவதை ஒரு லட்சியமாகத் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டுமென்றால், போயே தீர வேண்டிய கட்டாயம் இல்லாத நாடாகப் பார்த்துக் குடியேற வேண்டும்.

அண்ணன் வந்தது 1998இல். கம்ப்யூட்டர்கள் வருஷத்தை இரண்டு இலக்கத்தில் குறித்து வைத்திருந்ததால், 99க்கு அடுத்த வருஷம் எதுவென்று அவற்றுக்குத் தெரியாமல் போய்விடும், வங்கிகள் கவிழும், விமானங்கள் விழும் என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்த காலம். கோபால் என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். (மகன் கோபாலை வைத்துத்தான் பிழைக்கிறான் என்று கேள்விப்பட்ட அண்ணனின் அம்மா, அந்தக் கோபாலுக்கும் சேர்த்து அப்பளம் கொடுத்தனுப்பினார்.) ஒப்பந்தம் பதினெட்டு மாதம். "2000 பொங்கலுக்கு இங்க இருப்பேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தவர், 'அடுத்த வருஷம்' என்றால் என்னவென்று அமெரிக்கக் கணினிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவை கற்றுக்கொண்டுவிட்டன.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு காரணம். ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் இதில் விசேஷம். வாங்கின கடன் அடைய வேண்டியிருந்தது. 2001இல் கம்பெனிகள் ஆட்களைக் கழித்துக்கட்டினபோது, "இப்பப் போனா, தொரத்திவிட்டுட்டான்னு ஊர்ல பேசுவாங்க" என்று தங்கினார். பிறகு நல்ல வேலை கிடைத்தது. "இப்பப் போனா முட்டாப்பயன்னு பேசுவாங்க" என்று தங்கினார். பத்து வருஷம் வேலை செய்து நாற்பது கிரெடிட் சேர்ந்தால்தான் வயதான காலத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் ஓய்வூதியம் வரும் என்று யாரோ சொன்னார்கள். எட்டு வருஷம் ஓடியிருந்தது. பாக்கி இரண்டு வருஷத்துக்காக எட்டு வருஷத்தை விடுவதா? நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

மகள் விஷயம்தான் கொஞ்சம் சங்கடம். ஒண்ணாங்கிளாஸில் இருந்தபோது குழந்தை பள்ளிக்கூடத்தில், "நாங்க அடுத்த வருஷம் இந்தியா போயிடுவோம்" என்று சொல்லிவிட்டது. வீட்டில் கேட்டதைத்தானே சொல்லும். கடைசி நாளன்று வகுப்பு முழுக்கச் சேர்ந்து கலர் பென்சிலால் ஒரு பிரிவு வாழ்த்து அட்டை செய்து கொடுத்தார்கள். யானை படம் போட்டு. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் குழந்தை அதே பையை மாட்டிக்கொண்டு அங்கேயே போய் நின்றது. ரெண்டாங்கிளாஸிலும் அட்டை வந்தது, யானை கொஞ்சம் சின்னதாக. மூணாங்கிளாஸ் டீச்சர் விவரமானவர். "ஓகே, ஸ்வீட்டி" என்று தலையைத் தடவியதோடு சரி. பெரியவளாவதற்குள் போய்விட வேண்டும் என்றார் அண்ணன், பெரியவளானாள். காலேஜுக்குள் என்றார், காலேஜும் முடிந்தது. இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது, சியாட்டிலில் வேலை. "அப்பா, நீங்க கோ பண்ணுங்க, நான் வந்து பாக்கறேன்" என்கிறாள். "அவளை ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்காம எப்படிப் போறது?" என்கிறார் இவர். கை கொடுக்க அவளே ஒருத்தனைப் பார்த்து வைத்திருப்பது அண்ணிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

போகிறவரின் வீட்டை நீங்கள் உள்ளே வந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நம்மூரில் 230. இங்கே வாங்கிய சாமானை அங்கே செருகினால் புகைதான் வரும். "ரெண்டு வருஷத்துல கிளம்பற ஆளு, 120ல வாங்கிப் பாழாக்கணுமா?" என்று அண்ணன் ஆரம்பத்திலேயே ஒரு கொள்கை வகுத்தார். அந்தக் காலத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்கென்றே இரண்டு வோல்ட்டுக்கும் ஒத்துவரும் டிவி, விசிஆர் எல்லாம் விற்கிற கடைகள் உண்டு. நம்மூர் படமுறையும் இந்த ஊர் படமுறையும் வேறு வேறு, இரண்டும் தெரிகிற டிவி இரட்டிப்பு விலை. வாங்கினார். அது அமெரிக்கப் படமுறையை மட்டுமே காட்டி ஆயுள் முடிந்து செத்தது. மிக்ஸியை ஊரிலிருந்தே கொண்டுவந்தார். அதை ஓட்ட 120ஐ 230 ஆக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அம்மிக்கல் கனம். சமையல்கட்டு மேடையில் கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று சுருதி பிடிக்கும். வீட்டில் அதற்குப் பெயர் தம்புரா. சட்னி அரைப்பதற்குமுன் அண்ணி, "தம்புரா போடறேன், ஃபோன் பேசறவங்க அந்தாண்டை போங்க" என்று குரல் கொடுப்பார். அருகிலிருக்கும் இந்தியக் கடையில் 110 வோல்ட் மிக்ஸி விற்கிறார்கள் என்று நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். "எதுக்குத் தம்பி, இன்னும் ஒரு வருஷத்துக்காக?" என்றார். அது 2008இல்.

பனி விஷயமும் இப்படித்தான். வாசல் பனியை வாரித் தள்ள மெஷின் இருக்கிறது. தெருவில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகிறவர் பனி மெஷினை வாங்கி மன்னார்குடியில் எதை வாரப் போகிறார்? இருபது டாலர் பிளாஸ்டிக் மண்வெட்டி போதும். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பிப்ரவரியிலும் அதை உடைத்தார். 2016 ஜனவரிப் பனிப்புயலில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டியபோது, "இதுதான் நமக்குக் கடைசிப் பனி, ஒரு கை பாத்துருவோம்" என்று இறங்கியவரை இரண்டு பேர் பிடித்துத்தான் உள்ளே கூட்டிவந்தோம். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஃபிசியோதெரபிக்குக் கட்டிய பணத்தில் மெஷின் வாங்கி, எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

ஒரே ஒரு தடவை நிஜமாகவே கிளம்பினார். 2009. பொருளாதாரம் படுத்து, அவர் வேலையும் போயிருந்தது. "போதும் தம்பி, டிக்கெட் போட்டுட்டேன்" என்றபோது அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. நாங்கள் பதினாறு குடும்பம் சேர்ந்து ஒரு ஹாலைப் பிடித்து வழியனுப்பு விழா வைத்தோம். ஆளுக்கு இருபது டாலர். பொன்னாடை போர்த்தினோம். ஒருவர் வெண்பா வாசித்தார். தளை தட்டியது, ஆனாலும் அழுதோம். எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தோம். அண்ணன் மைக்கைப் பிடித்து, "மண்ணுங்கறது…" என்று ஆரம்பித்து மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை விமானம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து, திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்று கேட்டார்கள். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தார்.

அடுத்த சில மாதங்கள் அவரை யாரும் நேருக்கு நேர் பார்க்காமல் சமாளித்தோம். கோயிலில் எதிர்ப்பட்டால் இரண்டு பக்கமும் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டோம். வெண்பா எழுதியவர் மட்டும் இன்றுவரை தன் இருபது டாலரைப் பற்றி ஜாடையாகப் பேசுகிறார். கடிகாரம் அவர் கூடத்தில் இந்திய நேரம் காட்டுகிறது. மார்ச்சிலும் நவம்பரிலும் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் திருப்ப வேண்டும், நமக்கும் ஊருக்கும் இடைவெளி ஒன்பதரை மணியா பத்தரை மணியா என்று குழம்ப வேண்டும். அந்தக் கடிகாரத்தை மட்டும் யாரும் தொட வேண்டியதில்லை. "வீட்லயே ஒழுங்கா ஓடறது அது ஒண்ணுதான்" என்பார் அண்ணி.

இனி சொல்லப்போவதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. வேலை வழியாக வரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக வருஷத்தில் 7 சதவீதத்துக்குமேல் கிடையாது. சின்ன நாட்டுக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. ஆகவே இந்தியர் வரிசை அனுமார் வால். மாதாமாதம் வெளியுறவுத் துறை ஒரு பட்டியல் வெளியிடும்; இந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்கள் மட்டும் வரலாம் என்று. ராசிபலன் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்போம். 2007 ஜூலையில் திடீரென்று எல்லோரும் வரலாம் என்று கதவு திறந்தது, திறந்த வேகத்தில் சாத்தினார்கள், கூச்சல் போட்டதும் மறுபடி திறந்தார்கள். அந்த இடுக்கில் அண்ணன் நுழைந்துவிட்டார். "போறதுதான் போறோம், கார்டைக் கையில வாங்கிட்டுப் போவோம்." 2011இல் கார்டு வந்தது. வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. கார்டை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வெளிநாட்டில் இருந்தால் கார்டு செல்லாது. அப்படியானால் ஊருக்கே போய்விட்டு, மகளைப் பார்க்க நினைத்தபோது வந்துபோவது எப்படி? அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால் கவலையே இல்லை. அதற்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

அதாவது, அமெரிக்காவை விட்டுப் போவதற்காக அமெரிக்கரானார்.

நேர்முகத்துக்கு அப்போது நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் கொடுத்தார்கள். அதிலிருந்து பத்துவரை கேட்டார்கள், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. நான்தான் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். "அரசியல் சாசனத்தின் முதல் மூன்று சொற்கள் எவை?" அண்ணன் கண்ணை மூடி, "வீ த பீப்பிள்" என்றார். சமையல்கட்டிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "உங்கண்ணன் சாசனத்துக்கும் மூணு வார்த்தைதான் தம்பி. அடுத்த வருஷம் கிளம்பறேன்."

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க, ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஓசிஐ என்ற அட்டை. ஆயுசுக்கும் விசா மாதிரி. இந்தியாவில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இந்தக் கடைசி வரியை அண்ணன் கார் ஓட்டும்போது நான் வாசித்துக் காட்டினேன். பெரிய தப்பு. வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

அவருடைய திட்டமே விவசாயம்தான். இயற்கை விவசாயம் பற்றி நம்மாழ்வார் பேசிய வீடியோக்கள் அவருக்குப் பாராயணம். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று பாரம்பரிய நெல்லையெல்லாம் சொந்தக்காரர் பெயர்கள்போல் சொல்வார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்கு அடுத்த வருஷம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். 2018இல் ஜெயராமனே காலமாகிவிட்டார். மூன்று ஏக்கருக்கு வரப்பு எங்கே, போர் எங்கே, மாட்டுக் கொட்டகை எங்கே என்று அண்ணன் எக்செல் ஷீட்டில் வரைந்து வைத்திருக்கிறார். "பரம்பரையா வந்தா வெச்சுக்கலாமாம், வாங்கத்தான் கூடாதாம்" என்றார் வெகு நேரம் கழித்து. "எங்கப்பா வித்துட்டுத்தான் என்னைப் படிக்க வெச்சாரு." அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை.

எக்செல் ஷீட்டை அவர் அழிக்கவில்லை.

சென்னையில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, கேளம்பாக்கம் தாண்டி. வாடகைக்கு விட்டால் நினைத்த மாத்திரத்தில் போய்க் குடியேற முடியாது என்று பதினோரு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. ஃப்ரிட்ஜ் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மொத்தத்தில் நாற்பது ராத்திரி படுத்திருப்பார். ஆனால் குடியிருப்போர் சங்கத்தில் அவரைப் போன்ற சிங்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே பத்து மணிக்குக் கூட்டம் என்றால், இங்கே சனிக்கிழமை ராத்திரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் லாரிக்கு என்ன ரேட், சம்ப்பைக் கழுவி எத்தனை மாதமாகிறது, சி பிளாக் லிஃப்டில் யார் எச்சில் துப்பியது, எல்லாம் அத்துப்படி. எதிர்வீட்டு அமெரிக்கர் பெயர் அவருக்குச் சரியாகத் தெரியாது. பில் என்கிறார் ஒரு நாள், பாப் என்கிறார் மறுநாள். அவரும் பதினேழு வருஷமாக இரண்டுக்கும் கையாட்டுகிறார்.

வருஷத்துக்கு மூன்று வாரம் ஊர்ப் பயணம். கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு குளியலறை எடைமேடையில் ஏறி நிற்பார். குனிந்து முள்ளைப் பார்க்க முடியாது, பெட்டி மறைக்கும். நான் தரையில் படுத்துப் பார்த்துச் சொல்வேன். அதிலிருந்து அவர் எடையைக் கழித்தால் ஐம்பது பவுண்டுக்குள் இருக்க வேண்டும். எத்தனை வருஷமானாலும் கழிப்பதற்கு அவர் சொல்வது 1998இல் இருந்த எடையைத்தான். ஆகவே பெட்டிதான் கனக்கிறது என்று பாதாம்பருப்பை எடுத்து வெளியே வைப்பார்.

ஊரில் முதல் மூன்று நாள் சொர்க்கம். நாலாம் நாள் வயிறு. ஏழாம் நாளிலிருந்து ஹாரன் சத்தம். பதினைந்தாம் நாள், என்னவோ பேச்சில், "வீட்டுக்குப் போனதும் முதல்ல குப்பைத் தொட்டியை வெளியில வெக்கணும்" என்று அவர் வாயிலிருந்து விழுந்ததை அண்ணி பிடித்துக்கொண்டார். இங்கே இருக்கையில் 'வீட்ல மழையாம்' என்றால் மன்னார்குடியில் மழை. அங்கே இருக்கையில் 'வீட்ல பனியாம்' என்றால் எடிசனில் பனி. இருக்கிற இடத்தை மட்டும் அவர் வீடென்று சொல்லிக் கேட்டதில்லை.

அண்ணி இந்த ஆட்டத்தில் சேருவதே இல்லை. டவுன் லைப்ரரியில் பகுதிநேர வேலை, தோட்டத்தில் தக்காளி, செவ்வாய்க்கிழமை யோகா. அவருக்கும் ஊர் நினைப்பு உண்டு, அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமல் இருப்பவர்கள்தான் ஒருநாள் சட்டென்று போய்விடுகிறார்கள். எங்கள் பதினாறு குடும்பத்தில் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். வழியனுப்பு விழா கிடையாது, வெண்பா கிடையாது. சனிக்கிழமை வீட்டுச் சாமானை வாசலில் பரப்பி விற்றார்கள். அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து மெசேஜ் வந்தது. "அண்ணி, நீங்களும் அப்படி ஏதாவது…" என்று இழுத்தேன். "உங்கண்ணன் போறப்பச் சொல்லுங்க தம்பி, ஏர்போர்ட்டுல நானே கொண்டாந்து விடறேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

போன அக்டோபரில் ஒரு ராத்திரி ஃபோன். "தம்பி, இன்னிக்கு உறைபனி விழுமாம். கருவேப்பிலையை உள்ள எடுக்கணும், ஒரு கை பிடி."

அந்தச் செடிக்கு வயது பதினெட்டு. பச்சைக் கருவேப்பிலையை ஊரிலிருந்து கொண்டுவர விடமாட்டார்கள், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிவரும் என்று. அதனால் இங்கே வேர்விட்ட கருவேப்பிலைச் செடி என்றால் சொத்து. குளிர் தாங்காது, மே மாதம் வெளியே, அக்டோபரில் கூடத்து ஜன்னலோரம். தரையில் வைத்தால் எப்படியும் பிழைக்காது. அண்ணன் சொல்லும் காரணம் வேறு: "கிளம்பும்போது யாருக்காவது தூக்கிக் குடுக்கணும்னா தொட்டிதான் வசதி." தொட்டிதான் மாறிக்கொண்டே வந்தது. டீ கப் அளவில் ஆரம்பித்து, பக்கெட்டாகி, இப்போது அண்டா. செடி என் தோளுக்கு மேல்.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அசையவில்லை. அண்ணனுக்கு இடுப்பு, எனக்கு மூச்சு. மறுபடி தூக்கினோம். அண்ணன் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் வடிகிற ஓட்டை வழியாகச் சுண்டுவிரல் தடிமனில் நாலைந்து வேர்கள் வெளியே வந்து தரைக்குள் போயிருந்தன. விரலால் சுற்றிலும் மண்ணைப் பறித்துப் பார்த்தார், எதுவரை போகிறது என்று. தெரியவில்லை.

"அறுக்கணும்" என்றார்.

அண்ணி உள்ளேயிருந்து அருவாமனையைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் ஒவ்வொரு வேராக அறுத்தார். அறுக்க அறுக்க அந்தக் குளிரில் கருவேப்பிலை வாசனை எழுந்தது, தாளித்த மாதிரி. எதிர்வீட்டு பில்லோ பாபோ வாசல் விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்து மூன்றாவது பக்கம் பிடித்தார். தொட்டி எழும்பியது. படியேற்றி, கூடத்து ஜன்னலோரம், கடிகாரத்துக்குக் கீழே வைத்தோம். அங்கே மறுநாள் காலை ஏழரை.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே தொட்டியைச் சுற்றி வந்தார். "அடுத்த வருஷம் வெளியில வெக்கறப்ப அடியில ஒரு செங்கல்லு குடுத்துரணும் தம்பி" என்றார்.

"கதவைச் சாத்துங்க, குளிரு வருது" என்றார் அண்ணி.